அறிவியலாளரும் நாத்திகப் பரப்புரையும்

(அறிவியல் மனப்பான்மை நாளையொட்டி நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2013 ஆகஸ்டு 20 அன்று காலை, புணே நகரில் நடைப்பயிற்சிக்குச் சென்ற மருத்துவர் நரேந்திர தபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் சுடப்பட்ட இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கோவிந்த் பன்சாரே, அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாடில் கன்னட அறிஞர் எம்.எம்.கல்புர்கி, 2017 செப்டம்பரில் பெங்களூருவில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் என்று அந்தப் பட்டியல் நீண்டது. தபோல்கர் வீழ்ந்த நாளை அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பு 2018 முதல் தேசிய அறிவியல் மனப்பான்மை நாளாகக் கடைப்பிடித்து வருகிறது.

அந்த நாள் வரும்போதெல்லாம் தோழர்களிடையே ஒரு கேள்வி எழுகிறது. மக்களிடம் அறிவியலைக் கொண்டு செல்லும் அறிவியலாளர், கூடவே நாத்திகத்தையும் வெளிப்படையாகப் பரப்ப வேண்டுமா? ‘ஆம்’ என்பாரும் உளர். ‘கூடாது’ என்பாரும் உளர். இரு தரப்பிலும் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள். எனவே இரு தரப்பின் வாதத்தையும் அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொண்டு ஆராய்வது தகும்.

‘ஆம்’ என்போரின் வாதத்தை ஜே.பி.எஸ்.ஹால்டேனைவிடத் தெளிவாக முன்வைத்தவர் அரியர். உயிரியல் மேதையும் கம்யூனிஸ்டுமான ஹால்டேன், ‘டெய்லி ஒர்க்கர்’ நாளேட்டில் உழைக்கும் மக்களுக்காக நூற்றுக்கணக்கான அறிவியல் கட்டுரைகள் எழுதியவர். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். சோதனை ஒன்றைத் தொடங்கும்போது எந்தத் தெய்வமோ பேயோ அதில் குறுக்கிடாது என்ற எண்ணத்தோடுதான் அதைத் தொடங்குவதாகவும், ஆய்வுக்கூடத்தில் அவ்வாறு நடந்துவிட்டு உலக நடப்பில் வேறுவிதமாகப் பேசுவது அறிவு நேர்மை ஆகாது என்றும் அவர் விளக்கினார். 2006இல் வெளியான நூலொன்றில் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்று, கடவுள் உண்டா இல்லையா என்பதே அறிவியல் ஆராய வேண்டிய கேள்விதான் என்றார்.

மறுதரப்பில், 1999இல் ஸ்டீபன் ஜே கூல்ட் வேறொரு வழி காட்டினார். இயற்கை எவ்வாறு இயங்குகிறது என்பது அறிவியலின் ஆட்சிப்பரப்பு. வாழ்வின் பொருளும் அறமும் மதத்தின் ஆட்சிப்பரப்பு. ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் புகாதிருந்தால் சண்டைக்கு இடமில்லை என்றார். கேட்பதற்கு இதமான ஏற்பாடு இது. ஆனால் எல்லையைக் காப்பது யார்? அமைச்சர் ஒருவர் எழுந்து டார்வின் கூறியது தவறு என்று அறிவிக்கும்போது, மதத்தின் பெயரால் எல்லை தாண்டி வருகிறவர் கையில் அரசதிகாரமும் அல்லவா இருக்கிறது?

இந்த விவாதம் இந்திய மண்ணில் எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால், கேள்வியே சற்று வேறு வடிவம் கொள்வதைக் காணலாம்.

கையெழுத்து கேட்ட கழகம்

1964இல் ஐதராபாத்தில் உயிரியலாளர் புஷ்ப மித்ர பார்கவா, விண்வெளிப் பொறியியலாளர் சதீஷ் தவன், அறிவியல் வரலாற்று ஆய்வாளர் அப்துர் ரஹ்மான் ஆகியோர் அறிவியல் மனப்பான்மைக்கான கழகம் ஒன்றைத் தொடங்கினர். உறுப்பினராகச் சேர விரும்புவோர் ஓர் உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும். அறிவு என்பது மனித முயற்சியால் மட்டுமே பெறப்படுவது, தெய்வீக வெளிப்பாட்டால் அன்று என்பது அதன் சாரம். ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் பணிபுரியும் அறிவியலாளர்களுக்கு இதில் தயங்க எதுவுமில்லை என்று நிறுவனர்கள் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அணுகப்பட்டவர்களில் பெரும்பாலோர் கையொப்பமிட மறுத்தார்கள். அந்த அதிர்ச்சியைப் பார்கவா பிற்காலத்தில் பலமுறை பதிவு செய்தார். கழகமும் நீண்ட காலம் செயல்படவில்லை.

இந்நிகழ்ச்சி பொதுவாக ஒரே பொருளில்தான் எடுத்துக்காட்டப்படுகிறது: இந்திய அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒருவராகவும் வீட்டில் வேறொருவராகவும் வாழ்கிறார் என்று. அது உண்மையே. ஆனால் இதில் இன்னொரு பாடமும் உண்டு. வாசலிலேயே நம்பிக்கையைப் பற்றிய கையொப்பம் கேட்டபோது, உள்ளே வந்திருக்கக்கூடியவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். பார்கவா இதிலிருந்து பின்வாங்கவில்லை. தம் நாத்திகத்தை மறைக்கவும் இல்லை. ஆனால் அடுத்த பல பத்தாண்டுகளில் அவர் நடத்திய போராட்டங்கள் வேறு களத்தில் அமைந்தன. 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழி அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவு சேர்க்கப்பட்டு, அறிவியல் மனப்பான்மையையும் மனித நேயத்தையும் ஆராயும் உணர்வையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று எழுதப்பட்டது. 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, பல்கலைக்கழகங்களில் சோதிடத்தை அறிவியல் பாடமாக நடத்த முன்வந்தபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் முதல்வர் பார்கவாவே. 2004இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. வழக்கு தோற்றது, ஆனால் கேள்வி சரியாக வைக்கப்பட்டது. ‘நீ கடவுளை நம்புகிறாயா’ என்று அவ்வழக்கு எவரையும் கேட்கவில்லை. ‘சோதனைக்கு உட்படாத ஒன்றை மக்கள் பணத்தில் அறிவியல் என்று கற்பிக்கலாமா’ என்றே கேட்டது.

சாஹாவும் பஞ்சாங்கமும்

இதற்கு முந்தைய தலைமுறையில் மேக்நாத் சாஹாவின் வாழ்வு ஒரு முன்மாதிரி. 1893இல் டாக்கா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழை மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, கல்கத்தா மாணவர் விடுதியில் சாதி இழிவைச் சந்தித்தவர் அவர். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழிவகுத்த அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் உலகுக்கு அளித்தார். 1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக வென்று நாடாளுமன்றம் சென்றார்.

தம் ஆய்வைப் பற்றி டாக்கா வழக்கறிஞர் ஒருவரிடம் அவர் விளக்கியபோது, ‘இதெல்லாம் வேதத்தில் இருப்பதுதானே’ என்ற பொருளில் மறுமொழி வந்தது. எந்த இடத்தில் என்று கேட்டால், வழக்கறிஞர் வேதத்தைப் படித்ததே இல்லை! 1930களின் இறுதியில் ‘பாரதவர்ஷா’ என்ற வங்க இதழில் நடந்த விவாதத்தில் இதைச் சாஹாவே எழுதினார். அவர் கேலியோடு நிற்கவில்லை. வேதங்களையும் புராணங்களையும் பழைய வானியல் நூல்களையும் பல ஆண்டுகள் தாமே கற்று, அவற்றில் இருப்பது எது, இல்லாதது எது என்று சான்றோடு எடுத்துரைத்தார்.

அந்தப் படிப்பு வீண் போகவில்லை. 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவரே தலைவர். நாட்டில் அப்போது ஏறத்தாழ 30 வகை நாட்காட்டிகள் புழங்கின. சூரிய சித்தாந்தத்தின்படி கணிக்கப்படும் ஆண்டு, பருவங்களின் உண்மையான சுழற்சியைவிட ஏறத்தாழ 24 நிமிடம் நீளமானது. ஆண்டுக்கு 24 நிமிடம் என்பது அற்பமாகத் தோன்றும். 1,400 ஆண்டுகளில் அது 23 நாட்களாகப் பெருகிவிட்டது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 22ஐ ஒட்டி. பஞ்சாங்கமோ அதன் அடையாளமான மகர சங்கராந்தியை ஜனவரி 14இல் வைக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21ஐ ஒட்டித் தொடங்க வேண்டிய சித்திரையும் ஏப்ரல் 14க்கு நகர்ந்துவிட்டது. குழு 1955இல் அறிக்கை அளித்தது. சாஹா 1956இல் மறைந்தார். தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பண்டிகை கொண்டாடாதே என்று குழு எவரிடமும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துப் பஞ்சாங்கத்தைச் சரிபார் என்றது. நம்பிக்கையாளரும் மறுக்க முடியாத இடத்தில் நின்று பேசியது. ஆயினும் தேசிய நாட்காட்டி அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் தங்கிவிட்டது. ஊர்களில் பழைய பஞ்சாங்கமே ஆட்சி செய்கிறது. உண்மையைக் கண்டு சொல்வது மட்டும் போதாது, அதை மக்கள் தமதாக்கிக்கொள்ள இயக்கம் வேண்டும் என்பதற்கும் அதுவே சான்று.

இருநூறு ஜாதகங்கள்

வானியலாளர் ஜயந்த் நர்லிகர் செய்ததும் இத்தகையதே. தபோல்கரின் மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தோடு இணைந்து, 200 குழந்தைகளின் பிறந்த நேரமும் இடமும் திரட்டப்பட்டன. அவர்களில் 100 பேர் படிப்பில் சிறந்தவர்கள். 100 பேர் அறிவுத்திறன் குறைபாடு உடையவர்கள். சோதிடர்களுக்குத் தலைக்கு 40 ஜாதகங்கள் அனுப்பப்பட்டன. எது எவ்வகை என்று கூற வேண்டும். கணிப்பை முடித்து அனுப்பியவர்கள் 27 சோதிடர்கள். சரியாக அமைந்தவை 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தால் ஏறத்தாழ 50 விழுக்காடு கிடைத்திருக்கும்! 2009இல் ‘கரண்ட் சயின்ஸ்’ ஆய்விதழில் அம்முடிவு வெளியாயிற்று.

இந்தச் சோதனையைப் புரிந்துகொள்ள நாத்திகராக இருக்கத் தேவையில்லை. ஆனால் இதைப் புரிந்துகொண்டவர், மகளின் திருமணத்துக்குப் பொருத்தம் பார்க்கும் நாளில் இரண்டு முறை யோசிப்பார். ஒரு கேள்வியைச் சோதிக்கத் தெரிந்துகொண்ட மனம், அடுத்த கேள்வியையும் சோதிக்கும். அது எங்கே போய் முடியும் என்பதை அறிவியலாளர் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியதில்லை. போகும் பாதையை எவரும் அடைத்துவிடாமல் காத்தால் போதும்.

நம்பிக்கையாளர் எதிரியா?

1979ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் இருவர் ஸ்டீவன் வைன்பர்கும் அப்துஸ் சலாமும். வைன்பர்க் வெளிப்படையான நாத்திகர். சலாம் பக்திமிக்க அகமதியா முஸ்லிம். இருவரும் தனித்தனியே உழைத்து, மின்காந்த விசையையும் மென் அணுக்கரு விசையையும் இணைக்கும் ஒரே கோட்பாட்டை வந்தடைந்தனர். சமன்பாட்டில் எவருடைய நம்பிக்கையும் இடம்பெறவில்லை. சலாமுக்குத் துன்பம் அறிவியலிலிருந்து வரவில்லை. மதத்தைக் கையில் எடுத்த அரசிடமிருந்து வந்தது. பாகிஸ்தான் 1974இல் அகமதியரை முஸ்லிம் அல்லாதவர் என்று சட்டத்தாலேயே அறிவித்தது. அவர் இறந்த பிறகு, கல்லறைக் கல்லில் இருந்த ‘முஸ்லிம்’ என்ற சொல்லையும் அழித்தார்கள்.

அமெரிக்காவில் 2004இல் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் நகரப் பள்ளி வாரியம், ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற பெயரில் படைப்புக் கொள்கையை உயிரியல் வகுப்புக்குள் நுழைக்க முயன்றது. அதை எதிர்த்த வழக்கில் பரிணாமக் கொள்கைக்காக முதன்மைச் சாட்சியம் அளித்த உயிரியலாளர் கென்னத் மில்லர், தேவாலயம் செல்லும் கத்தோலிக்கர். பரிணாமத்தை ஏற்பவர் கடவுளைத் துறந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருந்திருந்தால், அந்தக் கூண்டில் ஏறியிருக்க வேண்டிய ஒருவர் குறைந்திருப்பார். பள்ளி வாரியத்தின் வாதத்துக்கோ அதுவே துணையாகியிருக்கும்.

ஆகவே பிரிவினைக் கோடு நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இடையே ஓடவில்லை. சோதனைக்கு இடம் தருகிறவர்களுக்கும், சோதிப்பவரைத் தண்டிக்கிறவர்களுக்கும் இடையே ஓடுகிறது.

லெனின் காட்டிய வேறுபாடு

இதைச் சொல்லும்போது, மார்க்சியர்கள் நாத்திகத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. 1905இலும் 1909இலும் மதத்தைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் லெனின் இதைத் துல்லியமாக வரையறுத்தார். அரசைப் பொறுத்தவரை மதம் தனிமனிதரின் சொந்த விவகாரம்; எந்த மதத்துக்கும் அரசுச் சலுகை கூடாது. கட்சியைப் பொறுத்தவரை அது அப்படியன்று. கட்சியின் உலகக் கண்ணோட்டம் பொருள்முதல்வாதம், அதைப் பரப்பும் கடமை கட்சிக்கு உண்டு. ஆனால் அந்தப் பரப்புரை வர்க்கப் போராட்டத்துக்கு உட்பட்டது. ஓர் ஊரில் வேலைநிறுத்தம் நடக்கிறது. தொழிலாளரில் ஒரு பகுதியினர் நாத்திகர், மறுபகுதியினர் தேவாலயத்தின் செல்வாக்கில் உள்ளவர்கள் என்று வைத்துக்கொண்டு அவர் விளக்கினார். அந்த வேளையில் தொழிலாளரை நாத்திகர், கிறித்தவர் என்று பிரிக்கும் பரப்புரை பாதிரியாருக்கே உதவும். வேலைநிறுத்தத்தின் வெற்றியே முதன்மையானது என்றார். 1922இல் எழுதிய கட்டுரையிலோ, கம்யூனிஸ்டுகள் இயற்கை அறிவியலாளர்களோடு கூட்டணி கொள்ள வேண்டும் என்றும், சென்ற நூற்றாண்டுகளின் நாத்திக நூல்களை மக்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே நிலைப்பாட்டின் இரு பக்கங்கள்.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

முதலாவது: அறிவியலாளரும் குடிமகனே. தம் நாத்திகத்தை எழுதவும் பேசவும் அவருக்கு முழு உரிமை உண்டு. அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு காக்கும் மனச்சான்றுச் சுதந்திரம் அவருக்கும் உரியது. அந்த உரிமை தாக்கப்படும்போது கட்சி அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இரண்டாவது: நிறுவனத்தின் பெயரால் நாத்திகம் பரப்பக் கூடாது, மதமும் பரப்பக் கூடாது. ராக்கெட் ஏவுதலுக்கு முன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டு செல்லும் வழக்கம் நாடறிந்தது. கோயிலுக்குச் செல்வது தனிமனிதரின் உரிமை. பதவியையும் நிறுவனத்தின் பெயரையும் சன்னிதி வாசலுக்கு வெளியே விட்டுச் செல்ல வேண்டும் என்பதே கோரிக்கை. இந்தக் கோரிக்கையை வைப்பவர், அரசுப் பள்ளி வகுப்பறையில் கடவுள் மறுப்பைப் பாடமாக நடத்துவேன் என்று சொல்ல முடியாது. மதப் போதனையை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தும் அதே சுவர்தான் அது.

மூன்றாவது: மேற்கண்ட இரண்டும் மௌனத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடக் கூடாது. அறிவியலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘கோயிலுக்குப் போகிறீரா’ என்பதன்று. ‘அதிகாரம் பொய் சொன்ன அன்று வாய் திறந்தீரா’ என்பதே. 2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் ஒருவர் டார்வின் கொள்கை தவறு என்றபோது, நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. 2023இல் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். அந்தக் கடிதத்தில் எவருடைய கடவுள் நம்பிக்கையும் விசாரிக்கப்படவில்லை. 1964இல் கிடைக்காத கையொப்பங்கள் அங்கே கிடைத்தன.

மென்மை உயிர் காக்குமா?

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராகக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. இப்படி அளந்து பேசுவது அச்சத்தின் வேறு பெயர் அல்லவா?

விடை தபோல்கரின் வாழ்விலேயே இருக்கிறது. அவர் பல ஆண்டுகள் பாடுபட்ட சட்ட முன்வடிவில் கடவுள் என்றோ மதம் என்றோ ஒரு சொல்லும் இல்லை என்று அவரே மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டினார். நரபலி, பேயோட்டுவதாகச் சொல்லி அடித்துத் துன்புறுத்துவது, பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும் மருத்துவம் பார்க்க விடாமல் தடுத்து மந்திரிப்பது ஆகியவற்றையே அது குற்றமாக்கியது. அப்படியும் அவரைக் கொன்றார்கள். கொலை நடந்த சில நாட்களில் மகாராஷ்டிர அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2013 டிசம்பரில் அது சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2024 மே மாதம் புணே சிறப்பு நீதிமன்றம் சுட்ட இருவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சதித்திட்டம் தீட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளிட்ட மூவர் விடுவிக்கப்பட்டனர்.

அளந்து பேசுவது எவருக்கும் பாதுகாப்பு அளிக்காது என்பது இதனால் தெளிவு. பாதுகாப்புக்காக அந்த வழியைத் தேர்ந்தவர் அல்லர் தபோல்கர். நாய் கடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயை மருத்துவமனைக்குத் திருப்புவதே அவர் நோக்கம். அந்தத் தாயிடம் கடவுள் இல்லை என்று நிறுவிக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை. அதோடு, அவள் ஓடிச்சென்ற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருக்கிறாரா, தடுப்பூசி இருக்கிறதா? இல்லையென்றால் அவள் மந்திரிப்பவரிடமே திரும்புவாள். அதற்கு அவளுடைய அறியாமையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. வேலைக்கு உத்தரவாதமில்லாதவர் சோதிடரைத் தேடுகிறார். விளைச்சலுக்கு விலை கிடைக்காதவர் பரிகாரம் தேடுகிறார். மூடநம்பிக்கையின் வேர் வாழ்க்கையின் நிச்சயமின்மையில் இருக்கிறது. வேரைத் தொடாத நாத்திகப் பரப்புரை, இலையைக் கிள்ளும் வேலையாகவே முடியும்.

கட்சியின் பணி

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. கரண்டியிலிருந்த பாலை நீர்மத்தின் பரப்பு இழுவிசை சிலையின் மேற்பரப்புக்கு இழுக்க, அது மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது. பாலில் வண்ணம் கலந்து அறிவியலாளர்கள் அதைக் காட்டினார்கள். ஆனாலும் கோயில் வாசல்களில் வரிசை நீண்டது. அடுத்த மாதம், அக்டோபர் 24 அன்று முழுச் சூரிய கிரகணம். 1980 பிப்ரவரி கிரகணத்தின்போது கதவடைத்துக்கொண்டு தெருக்களை வெறிச்சோட வைத்த அதே நாட்டில், இம்முறை மக்கள் சூரியக் கண்ணாடியோடு திரளாக வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள்.

ஒரே ஆண்டு, அதே மக்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களின் கடவுள் நம்பிக்கை மாறிவிடவில்லை. பால் வதந்தி வந்த நாளில் விளக்கம் பின்னால் ஓடியது. கிரகணத்துக்கோ மக்கள் அறிவியல் இயக்கங்கள் மாதக்கணக்கில் முன்னதாகவே ஊர் ஊராகச் சென்றிருந்தன. 2019 டிசம்பர் 26 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வளைய கிரகணம் தெரிந்தபோது, குழந்தைகளோடு குடும்பங்கள் திடல்களில் கூடியதும் அந்த நீண்ட உழைப்பின் பயனே.

ஆகவே தோழர்களே, பணிகள் பிரிந்து கிடக்கின்றன. சோதிக்கும் முறையை மக்கள் கையில் கொடுப்பதும், அதிகாரத்தின் பொய்யை முதல் நாளிலேயே மறுப்பதும் அறிவியலாளரின் கடமை. அவர் நம்பிக்கையாளராயினும் இக்கடமையிலிருந்து விலக்கு இல்லை. நாத்திகராயினும் இதைச் செய்யாமல் நாத்திகம் மட்டும் பேசினால் கடமை முடிந்துவிடாது. பொருள்முதல்வாதத்தைப் பரப்பும் பொறுப்பை அறிவியலாளரின் தோளில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கட்சிக்கு உரிமையில்லை. அது கட்சியின் சொந்தப் பணி. படிப்பு வட்டத்தில், தொழிற்சங்கத்தில், தம் வீட்டுக் கூடத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் பொறுமையோடு செய்ய வேண்டிய பணி.

அடுத்த முறை பாடநூலில் ஒரு பக்கம் கிழிக்கப்படும்போது, கையொப்பத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களிடம் செல்லும் தோழர், நெற்றியில் விபூதியோடு நிற்கும் அறிவியல் ஆசிரியரையும் தாண்டிப் போய்விடக் கூடாது. முதலில் அவரிடமே நீட்ட வேண்டும்.